இரண்டாம் வரிசையில் அம்மா

அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் முதன்முதலில் கேட்டது தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அதுவரை அவள் சிரிக்கக் கூடாது என்று விரதம் ஒன்றும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. மயூர் விஹார் ஃப்ளாட்டுகளில் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, துணி காயப்போட்டுவிட்டு, தகரக் கூரைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் எங்கள் பஸ்திக்கு வந்து சேரும்போது வெளிச்சம் போய்விட்டிருக்கும். அப்புறம் அடுப்பு, அப்புறம் தூக்கம். நடுவில் சிரிப்பை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்பா ஹரியானா பக்கம் கட்டட வேலையில் இருந்தார். வரும்போது வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, காலையில் மூடிவைத்த சோற்றைத் தின்றுவிட்டு, டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துப் பார்ப்பேன். ஒற்றை ஆளாகச் சிரித்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் பயம் வந்துவிடும். நிறுத்திவிட்டு அம்மா எப்போது வருவாள் என்று வாசலைப் பார்ப்பேன்.

மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, ஆள் சேர்த்துவிடுகிற தொழில். கட்சிக் கூட்டத்தில் கைதட்ட ஆள், கரோல் பாகில் புதுக்கடை திறந்தால் வாசலில் முண்டியடிக்க ஆள், பணக்காரக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விளக்குத் தூக்க ஆள் என்று யார் கேட்டாலும் பஸ்தியிலிருந்து ஏற்றிக்கொண்டு போவார். கூட்டமே இல்லாத இடத்தில் கூட்டத்தைக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமில்லை என்று தன்னைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. அவருக்கு ஒருநாள் நொய்டாவில் ஒரு ஸ்டுடியோவிலிருந்து ஆர்டர் வந்தது. ஹிந்தி நகைச்சுவை நிகழ்ச்சி. எதிரே உட்கார்ந்து சிரிக்கப் பெண்கள் வேண்டும். கூலி உண்டு, மத்தியானச் சாப்பாடு உண்டு. கட்டிக்கொள்ளப் பட்டுப்புடவை அவர்களே தருவார்கள். சாயங்காலம் அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

கட்சிக் கூட்டம் மாதிரி இதற்கு யாரை வேண்டுமானாலும் ஏற்றிவிட முடியாது. சிரிக்கத் தெரிந்தவர்களாக அனுப்பு என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி முன்னால் குடத்தோடு நின்ற பெண்களை மாமா அங்கேயே சோதித்துப் பார்த்தார். ஆளுக்கொரு தடவை சிரித்துக் காட்ட வேண்டும். பக்கத்துவீட்டு அத்தை சாதாரண நாளில் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பவள். கேட்டதும் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்திக்கு இருமல்தான் வந்தது. அம்மா தன் பாட்டுக்குக் குடத்தைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்தாள். அவளிடம் மாமா கிண்டலாகத்தான் கேட்டார்.

“சலோ அக்கா, நீ ஒருவாட்டி சிரிச்சிக் காட்டு.”

அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு அவளிடம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. வயிற்றிலிருந்து கிளம்பி, தோளெல்லாம் குலுங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற அத்தையின் தோளில் ஒரு தட்டுத் தட்டி முடித்தாள். லாரிக்காரர் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னால் போனாள்.

ஃப்ளாட்டுகளில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவள் நொய்டாவுக்கு வேன் ஏறினாள். திரும்பி வரும்போது முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் நாற்காலியைப் பற்றித்தான் சொன்னாள். மெத்தை வைத்த நாற்காலி, ஏசி, எழுந்திரு என்று நாள் பூராவும் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆர்டர் வந்தால் தன்னைக் கூப்பிட மறக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவைத்தாள்.

நிகழ்ச்சி வந்த அன்று பாதி பஸ்தி எங்கள் வீட்டுக்குள் இருந்தது. இரண்டாம் வரிசையில், மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், அம்மா. தண்ணீர் லாரிப் பக்கம் சிரித்த அதே சிரிப்பு. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது, பிறகு அழுகை வந்தது. ஊருக்கெல்லாம் கிடைத்த சிரிப்பு எனக்கு மட்டும் கிடைக்கவில்லையே என்று இருந்தது. இன்று நான் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலையில் இருக்கிறேன். சிரித்த முகமாகப் பேசினால் அது குரலிலும் கேட்கும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். மற்றவர்களுக்கு அது வியப்பாக இருந்தது. நான் தலையாட்டினேன்.

அந்த முதல் நிகழ்ச்சிக்குப் பிறகும் வாரா வாரம் அம்மா டிவியில் சிரித்தாள். அவள் நொய்டாவுக்குப் போனதென்னவோ அந்த ஒரே தடவைதான். மாமியார் ஜோக்குக்கும் அதே சிரிப்பு, பல் டாக்டர் ஜோக்குக்கும் அதே சிரிப்பு. நான் அந்த ஜோக்குகளை மனப்பாடம் செய்துகொண்டு, அவள் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து நடித்துக் காட்டுவேன். போய்ப் படி பாப்பா என்பாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்கு இன்னும் நன்றாகப் பழகுவேன்.

அம்மா வேலை செய்த வீடுகளில் ஒன்று தமிழ்க்காரர்களுடையது. அந்த வீட்டு அம்மாவும் டிவி பார்ப்பார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. காய்ச்சல் என்று வராமல் போன நாள் எது என்று கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் அம்மா வாசலில் நின்று பக்கத்துவீட்டு அத்தையிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதற்காக அவர் அவ்வளவு கோபப்படவில்லையாம். வேறொன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

“‘என் வீட்டுக்கு ஒருநாளாச்சும் இப்பிடி சிரிச்ச மூஞ்சியா வந்திருக்கியா நீ?’ன்னு கேக்குறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?”

அம்மா உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்படி அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் டிவிதான். போட்டேன். நல்லவேளையாக அந்த நிகழ்ச்சியின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அம்மா சிரித்தாள், டிவிக்குள் இருந்த அம்மா. இந்த அம்மா அதை யாரோ எவரோ மாதிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று உன்னைச் சிரிக்க வைத்தது எந்த ஜோக் என்று சொல்லிவிடு, நான் அதையே சொல்கிறேன் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“ஜோக்குலாம் ஒண்ணும் இல்ல பாப்பா. ஜோக் சொல்ற ஆளு மத்தியானத்துக்கு மேலதான் வந்தான். எங்கள காலையிலயே சிரிக்கவச்சி எடுத்துகினாங்க. எதிர்ல யாருமே இல்ல. காலி மேடை.”

எதிரே யாரும் இல்லாமல் எப்படிச் சிரிப்பு வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு பையன் கையைத் தூக்குவான், சிரிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றாள். நான் டிவியை அணைத்தேன். அவளுக்கு எதிரே போய் நின்றேன். கையைத் தூக்கினேன்.

அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தோள் குலுங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பக்கத்தில் யாரும் இல்லாததால் என் தோளில் தட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் ஏங்கியது இவ்வளவு சுலபமா என்று இருந்தது. கையை இறக்கினேன், நிறுத்தினாள். திரும்பத் தூக்கினேன். என் ஆசை தீருகிற வரைக்கும் தூக்கிக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு தடவைகூடக் குறை வைக்காமல் சிரித்தாள்.

கையைத் தூக்கிய ஒவ்வொரு தடவையும், அம்மா அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.