ஒரே வுளூவில் பெருநாள் தொழுகை

மூன்று பெருநாளாக நான் கடற்கரைத் திடலுக்குத் தொழப் போகவில்லை. தலைவலி என்று பொய் சொன்னேன். நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பும்போது சிறுநீர் கசிந்து, தொழுகைக்கென்று கை, முகம், கால் கழுவிச் செய்த வுளூ முறிந்துவிடும். வீட்டில் என்றால் திரும்பச் செய்யலாம். திடலில், ஊர்ப் பெண்களெல்லாம் வரிசையில் நிற்க, தண்ணீர் தேடி எங்கே ஓடுவது?

இருபத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். என் செருப்புச் சத்தத்துக்கே வகுப்பு அடங்கும். சொந்த உடம்பு சொல்வழி கேட்காதது எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டர் மூன்று வழி சொன்னார்: அடியிடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம், ஒப்பரேஷன்.

துணைக்கு வந்த மதினி, என் கணவரின் மூத்த சகோதரி, முந்திக்கொண்டார். தம்பி பெண்சாதியான என்னை அவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார். "ஒப்பரேஷனச் செஞ்சி முடிங்க மச்சி. ஒரே நாளையில சரி."

"என்ட உடம்பு மதினி, நான் சொல்றன்," என்றேன். "முதல்ல பயிற்சி."

சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கி, பத்து எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும். ஐந்து வேளையும் தொழுகிறோமே என்று தொழுகைக்குள்ளேயே அதையும் செய்தேன். விளைவு, மத்தியான லுஹர் தொழுகையில் எத்தனையாவது சுற்று, மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்று தெரியாமல் முழித்தேன். கணக்கு டீச்சர்!

கிளினிக்கில் பயிற்சி சொல்லித் தந்த காரைதீவுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். "நிம்மதியாத் தொழுங்க டீச்சர். முடிச்சிட்டு அந்தப் பாயிலயே இருந்து செய்யுங்க. மூச்ச மட்டும் அடக்கப்படா."

அப்படியே செய்தேன். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. "நான் அப்பயே சொன்னன்தானே," என்றார் மதினி. அவர் அப்படிச் சொன்னதாலேயே நான் ஒரு வேளையும் விடவில்லை. நான்காவது மாதம் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். ஒரு சொட்டும் கசியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளன்று வீட்டில் வுளூச் செய்துகொண்டு போய், பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்றேன். இரண்டு ரக்அத், நான்கு சுஜூது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது உடுப்புக் காய்ந்தே இருந்தது. பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது. மறைப்பானேன்?

குத்பாப் பிரசங்கம் முடிந்ததும் மதினி என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மச்சி, அந்தப் பயிற்சிய எனக்கும் காட்டித் தாங்களன்."

அவர் பக்கம் திரும்பினேன். "எவ்வளவு காலமா மதினி?"

"மூணாவது புள்ள பொறந்ததில இருந்து."

அந்த மூன்றாவது பிள்ளை எங்களுக்கு அடுத்த பாயில் இருந்து தன் குழந்தைக்குத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.