மாற்றிப் போட்ட கியர் நாப்

தொம்மலூரில் முனிராஜ் குடியிருக்கும் சந்தில் கார் திரும்ப இடமில்லை. உள்ளே வந்த வண்டி ரிவர்ஸில்தான் வெளியே போயாக வேண்டும். இருபது வருஷம் டாக்ஸி ஓட்டிய முனிராஜ் தினமும் காலையில் ஒரே மூச்சில் வண்டியை எடுப்பான். பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். பிறகு சர்க்கரை வியாதி கண்ணைத் தொட்டது. ஸ்டியரிங் பக்கமே போகாதே என்றார் டாக்டர். மனைவி ஸ்வர்ணாவுக்கு அவனே ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஆபீஸ் போகும் பெண்கள் நாலு பேரை இப்போது அவள்தான் கூட்டிப்போகிறாள்.

அதுவரை சரி. எதிர்வீட்டுச் சந்திரம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னா முனிராஜு, உன்னவிட உம்பொண்டாட்டி ஜோரா ரிவர்ஸ் எடுக்கிறா! நூல் புடிச்சாப்ல போறா."

முனிராஜ் சிரித்து வைத்தான். வயிறு எரிந்தது. அந்தச் சந்தில் அவனுக்கென்று இருந்த ஒரே பெருமை அது. கட்டிய பெண்டாட்டியே அதைப் பறித்துக்கொண்டால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரெக்சின் கவர் கிழிந்து, சூடு காலில் அடிக்கிறதென்று ஸ்வர்ணா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முனிராஜ் கடைக்குப் போனான். கம்பியின் உச்சியில் கையால் பிடிக்கும் குமிழான நாப்பும் கவரும் சேர்ந்தே வந்தன. நாப்பின் தலையில் எந்தக் கியர் எங்கே என்று போட்டிருக்கும். ஒரு வகை நாப்பில் ரிவர்ஸ் வலது மூலையில் கீழே, அவர்கள் காரில் உள்ளபடி. இன்னொன்றில் இடது மூலையில் மேலே. அது வேறு கார்களுக்கு. அதை நம்பிப் போட்டால் இவர்கள் வண்டியில் ஃபர்ஸ்ட் கியர்தான் விழும். முனிராஜ் தெரிந்தே அதை வாங்கினான். வண்டி முன்னால் எகிறி ஆஃப் ஆக வேண்டும், சந்தே பார்க்க வேண்டும், அவள் அவனைக் கூப்பிட வேண்டும். அவ்வளவு போதும்.

பழைய நாப் வியர்வையில் இறுகிக் கிடந்தது. வெந்நீர்த் துணியைச் சுற்றித் திருகியதும் விட்டது. கவரின் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கிழிசலை உருவினான். புதியதை மாட்டி, கழுத்தில் பிளாஸ்டிக் பட்டியை இறுக்கி, சட்டத்தைத் தட்டி உட்காரவைத்தான். எழுத்து நேராக நிற்கும்வரை நாப்பைத் திருகினான். காருக்கு முன்னால் இருந்த தண்ணீர் டிரம்மை மட்டும் நகர்த்தி வைத்தான். எரிச்சல் அவள் மேல்தானே, பம்பர் என்ன பாவம் செய்தது?

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றான். சந்திரம்மாவும் வாசலில் இருந்தாள். ஸ்வர்ணா கண்ணாடியைப் பார்த்தாள், கையைக் கியரில் போட்டாள். வண்டி வழுக்கிக்கொண்டு பின்னால் போய்ச் சந்து முனையில் நின்றது.

"புது நாப்பு கைக்கு நல்லா கீதுய்யா!" என்று தலையை நீட்டினாள்.

முனிராஜுக்குத் தாங்கவில்லை. வாயில் நுரையோடு ஓடினான். "அதுல ரிவர்ஸ் எங்க போட்டுக்கீதுன்னு பாத்தியா?"

அவள் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். "ஐயே, தப்பா போட்டுக்கீது! கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான்." சிரித்துவிட்டாள். "நான் எங்க பாத்தேன்? கத்துக்கறப்ப கியரப் பாத்தா கைமேலயே ஒண்ணு போடுவியே. அந்தப் பயம் இன்னும் போவல."

கார் மெயின் ரோட்டில் திரும்பி மறைந்தது.

"இன்னா கை, பாத்தியா!" என்றாள் சந்திரம்மா.

முனிராஜ் வாயிலிருந்த நுரையைத் துப்பினான். இவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்த அந்தப் பாழாய்ப்போன வாத்தியார் மேல் அன்று முழுக்க அவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.