பால் குடுக்கிறவங்க போங்க

முதலில் இருமலை நான் சட்டை பண்ணவில்லை. பூனாகலைப் பக்கம் பனியில் நனைந்து தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர்களில் இருமாதவர் யார்? சளியில் நாற்றம் அடித்தபோதுதான் பயந்தேன். பிறகு ரத்தமும் வந்தது. இது நடந்தபோது இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"கசம்தான் (காசநோய்). பிள்ளைக்குப் பால் குடுக்காத."

அந்தப் பேர் விழுந்துவிட்டால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) அப்பீலே கிடையாது. என் கோப்பை வாசலுக்கு வெளியே போனது. தவழ்கிற வயதில் இருந்த என் மகள் மீனாச்சி மாமியார் கைக்குப் போனாள். அவளுக்கு டின் பால்.

வேலையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. கடைசி நிரையில் தனியாக நின்று எடுத்தேன். கொழுந்துக்குக் கசம் ஒட்டாதாம்!

காலையில் கங்காணி, "பால் குடுக்கிறவங்க போங்க" என்று சத்தம் போடுவார். தாய்மார் கூடையை இறக்கிவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு (கைக்குழந்தைகளை விட்டுவரும் அறை) ஓடுவார்கள். நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். ரவிக்கை நனைந்துபோகும்.

காய்ச்சல் ஏறி எழும்ப முடியாமல் போன பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். பால் வற்றிவிடக் கூடாதென்று குளிக்கிற அறையில் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் யாழ்ப்பாணத்து டாக்டர் கட்டிலருகே வந்தார்.

"உமக்குக் கசம் இல்லை. பிறக்கேக்கையே உம்மட நுரையீரலிலை ஒரு காத்துப் பை இருந்திருக்கு. இப்ப அதுக்குள்ளை ஒரு கிருமி பூந்திட்டுது. மண்ணிலை இருக்கிற கிருமி. மனுசருக்கு வாறது வலு குறைவு."

"பிள்ளைக்கு ஒட்டுமுங்களா?"

"ஒருத்தருக்கும் ஒட்டாது."

ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்படி வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அவர் வெறுங்கையோடு வந்தார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

"மீனாச்சிக்கு வயித்தால போச்சு புள்ள. நிக்கவே இல்ல. டின் பாலு அதுக்கு ஒத்துக்கல. ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் வராம இருந்தேன்."

புதைத்தும் ஆகிவிட்டது.

சல்பா மாத்திரையை (கிருமியைக் கொல்லும் மருந்து) மாசக்கணக்கில் விழுங்கினேன். நாற்றம் போனது, ரத்தம் நின்றது. பை உள்ளேதான் இருக்கிறது. மூச்சை இழுத்தால் வலப்பக்கம் லேசாகப் பிடிக்கும். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் யாராவது இருமினால் ஒதுக்கி வைக்க அவசரப்படாதீர்கள். முதலில் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள், சண்டை போட்டாவது சொல்லுங்கள். எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

குணமாகி மறுபடியும் மலைக்குப் போகிறேன். இப்போது என்னை எல்லோரோடும் சேர்த்து நடு நிரையில் விடுகிறார்கள். மணி பார்க்கத் தேவையில்லை. கங்காணி வாய் திறப்பதற்கு முன்பே என் மார்பு கனத்துவிடும். கை தானாகக் கூடைக் கயிற்றுக்குப் போகும். அவர் சத்தம் போட்டதும் மற்றவர்கள் ஓடுவார்கள். நான் கயிற்றை விட்டுவிட்டுக் கொழுந்தெடுப்பேன்.