கடைசியாகத் திறந்தது யார்?

அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் மறைந்து 'கேட்டலாக்' என்றே ஆகிவிட்டது. கம்பெனியின் தகவல் கிடங்கில் இருக்கும் ஆயிரக்கணக்கான டேபிள்களுக்கு, அதாவது கணினி அட்டவணைகளுக்கு, அவர்தான் காவல். எது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்பதையெல்லாம் கிடங்கின் கேட்டலாக் என்ற பட்டியல் சொல்லும். அது சொல்லிவிட்டால் அவருக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒரு குறை உண்டு. ஒரு டேபிளில் எத்தனை வரிகள் என்று கேட்டால் அது குத்துமதிப்பாகத்தான் சொல்லும். மனுஷனுக்குக் குத்துமதிப்பு என்றாலே ஆகாது. "கொஞ்சம் உப்பு போடுங்க" என்றால், "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். அதனால் தினமும் காலையில் எல்லா டேபிள்களையும் திறந்து எண்ணிவிட்டு வர ஒரு புரோகிராம் எழுதி ஓட விட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்தில் பேச்சு கிளம்பியது. கிடங்கை ஒருத்தரும் பயன்படுத்துவதில்லையாம், மூடிவிடலாமாம். மூடினால் அவர் வேலையும் போகும். ஐம்பதைத் தாண்டியவரை வேறு எவன் கூப்பிடுவான்? பதறிப்போய் கேட்டலாகைப் பார்த்தார். ஒவ்வொரு டேபிளும் அன்று காலை திறக்கப்பட்டிருந்தது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"ஒண்ணு விடாம எல்லாம் ஓடுது மேடம்," என்று மேலாளர் அம்மாவிடம் மார்தட்டினார். அடுத்த வாரக் கூட்டத்தில் அதையே சொல்வதாக ஏற்பாடு.

அன்று மாலை, மனைவி தைத்து ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டிருந்த கவுனைப் பார்த்தவர், "நாப்பது தடவை பாத்திருக்காங்க! சூடு பிடிச்சிடுச்சு," என்றார்.

"கிழிஞ்சுது. அத்தனை தடவையும் பாத்தது நீங்கதான். யாரு பாத்தாங்கன்னு அது சொல்லுதா?"

கையிலிருந்த டீ அப்படியே ஆறிப்போனது. கேட்டலாகும் எப்போது என்றுதான் சொல்கிறது, யார் என்று சொல்வதில்லையே! விடியற்காலையில் தெருவையே தட்டி எழுப்பிவிட்டு, 'எல்லாரும் முழிச்சிட்டிருக்காங்க' என்று சொன்ன கதையாகிவிட்டது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாளே புரோகிராமை நிறுத்தினார். அந்த வாரம் முழுக்கப் பார்த்தார். கிடங்கில் கும்பகர்ணத் தூக்கம். ஒரே ஒரு டேபிள் மட்டும் தினமும் காலையில் திறக்கப்பட்டிருந்தது.

கூட்டத்துக்கு முன் மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனவர், மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அப்போ எல்லாத்தையும் மூடிடலாமா?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணைத் தவிர மேடம். அதை மட்டும் தினமும் யாரோ பாக்குறாங்க. யாருன்னுதான் தெரியல."

"எது?"

"எல்லாரும் ஓய்வு பெறுற தேதி இருக்கே, அந்த டேபிள்."

அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிடங்கு இருக்கட்டும். ரெண்டு வருஷத்துக்கு அதைத் தொடக் கூடாதுன்னு மேலிடத்துல நான் பேசிக்கறேன்."

அவர் அறையிலிருந்து தன் இடத்துக்குத் திரும்பி வந்து அந்த டேபிளைத் திறந்தார். அம்மாவின் பெயருக்கு எதிரே, சரியாக இரண்டு வருஷம் தள்ளி இருந்த தேதியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அதைத் தினமும் திறப்பவர்கள் இரண்டு பேர். கேட்டலாகுக்கு அது தெரியாது.