பஸ் நிறுத்தத்தில் தலைமைப் பண்பு

கரிக்கலாம்பாக்கத்துப் பெண்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தர எங்கள் தொண்டு நிறுவனம் என்னை அனுப்பியது. மகளிர் குழுத் தலைவி சேலைமேல் தான் வேலை பார்க்கும் கம்பெனியின் நீலக் கோட்டு அணிந்திருந்தார். கூட்டத்தை மொட்டை வெயில் காயும் பஸ் நிறுத்தத்திலேயே வைக்கச் சொன்னார். மக்களோடு மக்களாக என்று பூரித்துப்போய்ப் பந்தல் போட்டேன். நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அவர் கைதட்டிவிடுவார். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி வேன் வந்ததும் கூட்டமே எழுந்து ஏறியது.

"இன்னாக்கா, பாதியில போறீங்க?" என்று தலைவியைக் கேட்டேன்.

"ஷிப்டுக்கு நேரமாச்சுப்பா. நிக்க ஒரு கூரை கேட்டு எத்தினி மனு குடுத்தோம், நடக்கல. இப்ப தெனம் ஒரு சங்கத்தக் கூப்புடுறோம், நெழலு கெடைக்குது."

படியில் நின்று திரும்பினார். "பந்தலப் பிரிச்சிடாத கண்ணு. நாளைக்கு வேற சங்கம் வருது, தன்னம்பிக்கை வகுப்பாம்."

தலைமைப் பண்புச் சான்றிதழ்கள் என் பையிலேயே கிடக்கின்றன. அவற்றை யார், யாருக்குத் தர வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.