பாலில்லாத டீயும் கிறிஸ்டோபர் அண்ணனும்

கிறிஸ்டோபர் அண்ணன் டீயை உடனே குடிக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பட்டு நூல் ஒன்றை எடுத்து டம்ளரில் முக்குவார். பச்சைத் தண்ணீரில் அலசி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். நிறம் கரைந்து ஓடினால் தூளில் சாயம் கலந்திருக்கிறதாம். ஒட்டி நின்றால் அசல் துவர்ப்பாம். ஆரணிக்குக் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள்கூட இவ்வளவு சோதிப்பதில்லை.

“இன்னாபா, என் டீல புடவை நெய்யப் போறியா?” என்பார் கடைக்காரர் தனசேகரன்.

“உன்ன நம்பலாம். உனக்குத் தூள் போடறவன எப்பிடி நம்பறது?”

தேறிய டீயில் முதல் வாய், கடகடவென்று கொப்பளிக்கப்பட்டுச் சாக்கடைக்குப் போகும். மிச்சம்தான் வயிற்றுக்கு. பால், சர்க்கரை கிடையாது. டீயிலையின் துவர்ப்புச் சத்து வைரஸைப் பிடித்து முடக்கும் என்று போனில் படித்திருக்கிறார். போனில் வரும் எதையும் நம்பாதவர் இதை மட்டும் நம்பியதற்குக் காரணம் அவருடைய தறி. ஒருமுறை தறியில் நீள இழுத்துக் கட்டிய சந்தன நிறப் பட்டுப் பாவில் ஒரு சொட்டு டீ விழுந்துவிட்டது. சோப்பு, எலுமிச்சை, எதற்கும் கறை அசையவில்லை.

“பட்டையே அந்தப் புடி புடிக்குது, கிருமிய வுட்டுடுமா? பாலை ஊத்துனா பாலைப் புடிச்சிகினு குந்திக்கும். அப்பறம் கிருமிய யாரு புடிக்கிறது?”

பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிய எனக்கு இதில் தப்பு கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அதனாலேயே சந்தேகமாக இருந்தது.

நர்ஸ் ஜெபராணி அக்காவுக்குத் தெரிந்தது. “அண்ணே, அது கண்ணாடிக் குழாய்ல வெச்சிப் பார்த்ததுங்க. மனுசன் தொண்டைலயும் அப்பிடியே வேலை செய்யும்னு யாரும் உறுதியா சொல்லல. குடிங்க, அத நம்பிகினு மட்டும் இருக்காதீங்க.”

அண்ணன் அக்காவையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

எல்லாம் ரீனாவுக்காக. அவருடைய மகள், குறைமாதத்தில் பிறந்தவள். நெஞ்சு இன்னும் தேறவில்லை. சளி பிடித்தால் மூச்சுக்கே ஆபத்து என்று வேலூர் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து ஊரில் இருமுகிற அத்தனை பேரும் அண்ணனுக்கு எதிரிகள். பக்கத்துத் தறி வேலு கனைத்துவிட்டு, “தூசுபா” என்றால், “தூசா, வேற எதனாவா, யாரு கண்டா?” என்று டீக்கடைப் பலகையின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிடுவார்.

நாங்கள் பசங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் பொய்யாக இருமுவோம். சடாரென்று திரும்பி ஒவ்வொரு முகமாக ஆராய்வார். ஒருநாள் ஜன்னல் வழியாக ரீனாவைப் பார்த்தேன். உள்ளங்கை அகல முகம், அதில் வாய் கொள்ளாத சிரிப்பு. இருமுகிற விளையாட்டு போரடிக்கிறது என்று பசங்களிடம் சொல்லிவிட்டேன்.

போன வாரம் டீக்கடையில் அண்ணனே இருமினார். கொப்பளித்தார், மறுபடி இருமினார். இன்னொரு டீ வாங்கிக் கொப்பளித்தார். இருமல் நிற்கவில்லை, கண் சிவந்து, உடம்பு கொதித்தது. வீடுவரை கூடப் போனேன்.

வாசற்படிக்கு உள்ளே ஹெப்சிபா அண்ணி ரீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பாவைக் கண்டதும் குழந்தை இரண்டு கையையும் நீட்டித் தாவியது.

“இன்னாங்க, தெருவுலயே நின்னுகினு கீறீங்க? அதான் டீ ஊத்திக் கொப்பளிச்சாச்சே, உள்ள வாங்க” என்று அண்ணி சிரித்தார்.

அண்ணன் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் எட்டிக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். உள்ளே ரீனா அழ ஆரம்பித்தாள். அவர் கதவு வளையத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.