பன்னிரண்டு நாள் மஞ்சள் அட்டை

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லாரிக்குப் போகும் இரும்புப் பாகங்களை அளந்து, சரியென்றால் பச்சை அட்டை, தப்பென்றால் சிவப்பு அட்டை கட்டுவேன். சந்தேகமென்றால் மஞ்சள் அட்டை. அதற்கு ஹோல்டு என்று பேர். முடிவு வரும்வரை அதை யாரும் தொடக்கூடாது.

வீட்டுக்கு ஒரே செல்போன் இருந்த காலம். ஒரு மாசி மாதம் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. உள்ளூர் லேடி டாக்டர் தொட்டுப் பார்த்து, "பயப்படற மாதிரி தெரியல. எதுக்கும் பெங்களூர்ல ஸ்பெஷலிஸ்ட்டப் பாத்துருங்க" என்றார். அந்த 'எதுக்கும்' என்ற சொல்லிலேயே நான் பாதி செத்துப்போனேன். போன் போட்டால், பன்னிரண்டு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. மறுநாள் டீ டைமில், பாகங்களை அளக்கும் வெர்னியர் கருவியோடு லேடீஸ் பாத்ரூமுக்குள் போனேன். மூன்று தடவை அளந்து சராசரி எடுப்பது எங்கள் முறை. காலையில் பதினாலு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். மாலையில் பதினைந்து புள்ளி ஆறு. ஒரே ஷிப்டில் இவ்வளவு என்றால் சித்திரைக்குள் தேங்காய் அளவு வந்துவிடுமே! இரும்பு அசையாமல் உட்காரும், இது வழுக்கி ஓடும், பிடிக்கிற பிடிக்கு அளவு மாறும் என்பதெல்லாம் இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு உறைக்கவில்லை. தினமும் அளந்து காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைத்தேன்.

"பாத்ரூம்ல என்னாக்கா அளக்குற?" என்றாள் பக்கத்து மெஷின் பெண்.

"தாழ்ப்பாளு."

மூன்றாம் நாள் மெயின்டனன்ஸ் ஆள் வந்து புதுத் தாழ்ப்பாள் மாட்டிவிட்டுப் போனார்.

வீட்டையும் ஹோல்டில் போட்டேன். அரிசி ரெண்டே கிலோ, பேஸ்ட் இருப்பதிலேயே சின்னது.

"இத்தூண்டு பேஸ்ட்டு யாருக்குடி பத்தும்?" என்றார் என் கணவர்.

"பன்னெண்டு நாளைக்குப் பத்தும்."

மனிதர் இன்னொரு தோசை கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவருக்குத் தோசை கேட்கிறது.

பக்கத்து வீட்டு பாய் கிருஷ்ணகிரியில் புளி வியாபாரம் செய்தார். அந்தப் பருவத்தில்தான் வருஷத்துக்குமான புளியை வாங்கி ஜாடியில் அடைப்போம். அவர் மனைவி வாசலில் வந்து நின்று, "அக்கா, புது புளி வந்துருச்சு. வருசத்துக்கு எத்தன கிலோ எடுத்து வெக்கட்டும்?" என்றாள். இந்த ஒரு வருஷத்தை யார் கரைத்துக் குழம்பு வைப்பது? "அப்பறம் சொல்றேம்மா" என்று கதவைச் சாத்தினேன். அவள் தினமும் கேட்டாள். நான் தினமும் சாத்தினேன்.

பெங்களூர் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். "கட்டி இருக்கட்டும். சுத்தி ஏன் இப்படிக் கன்னிப்போயிருக்கு? யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டு, திரைக்கு அந்தப்பக்கம் இருந்த என் கணவர் நிழலை முறைத்தார். வேறு வழியில்லாமல் காலண்டர் தாளை எடுத்து நீட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. பிறகு கட்டியில் ஊசி குத்திப் பரிசோதனைக்குக் கொஞ்சம் எடுத்தார்கள். சாயந்திரம் கூப்பிட்டு, "சாதாரண நார்க்கட்டிதான். அளக்காம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்" என்றார்.

திரும்பும்போது ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. "டாக்டர் உங்களத்தான் சந்தேகப்பட்டாங்க" என்றேன் என் கணவரிடம். அவர் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தோசைக்குத் திட்டியதற்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவர் முதுகில் கை வைத்தேன்.

பூட்டைத் திறப்பதற்குள் பாய் மனைவி வந்துவிட்டாள். "அக்கா, கடைசி மூட்டதான் இருக்குது."

"பத்து கிலோ எடுத்து வை."

"பத்தா? ரெண்டு வருசத்துக்கு வருமேக்கா!"

"வரட்டும்" என்றேன்.